நான்காவது காப்பியில் மறைந்த விரல்கள்

எண்பத்தாறாம் வருடம், தை மாதம் என்று நினைவு. பொன்னேரி கடைத்தெருவில் நான் வீடியோ கடை திறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. கடை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஷட்டர், கேஸட் ஓட்டவும் பதியவும் இரண்டு டெக், ஒரு கலர் டிவி, தோளில் மாட்டிக்கொள்ளும் ரெக்கார்டர், அதோடு ஒயரால் இணைந்த ஒரு காமிரா. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எதுவானாலும் எடுத்துக் கொடுப்பேன். அந்த வட்டாரத்தில் வீடியோ எடுக்க அப்போது நான் ஒருவன்தான். அதனால் தலைக்கனத்துக்கும் குறைவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு முன்னால் எனக்குக் காபி வரும். வராவிட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன்.

பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் ஒரு குப்பத்திலிருந்து கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கே ஒரு கல்யாணத்தை வீடியோ எடுப்பது அதுதான் முதல் தடவை. ஏரியில் ஒவ்வொரு ஊருக்கும் வலை போட முறைநாள் உண்டு, அதைப் பாடு என்பார்கள். தங்களுக்குப் பாடு இல்லாத நாளாகப் பார்த்து முகூர்த்தம் வைத்திருந்தார்கள். பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் அங்கிருந்து படகு. ஜெனரேட்டர் ஒரு படகில், விளக்குகளும் நானும் இன்னொரு படகில்.

எங்களை அழைத்துப் போக வந்தவர் மணப்பெண்ணின் அண்ணன். இருபத்தைந்து, இருபத்தாறு வயது இருக்கும். கரையில் இறங்கும்போது ரெக்கார்டரை என் தோளிலிருந்து கழற்றித் தன் தலையில் வைத்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நடந்தார். எனக்கு உயிரே இல்லை. அவரோ ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் கரையில் நின்ற ஒரு பெண்ணோடு பேசிக்கொண்டு வந்தார். கையால்தான் பேசினார், வாயால் அல்ல.

அந்தப் பெண் அவருடைய மனைவி. பிறவியிலேயே காது கேளாது, பேச்சும் வராது. அப்போது ஐந்து மாதக் கர்ப்பம். தண்ணீரில் படகுக்குப் படகு கத்தினால் காற்று கொண்டுபோய்விடும் என்பதால், அந்தப் பக்கத்து மீனவர்கள் கையாலேயே பாதி விஷயத்தைச் சொல்லிக்கொள்வார்கள். மீன் இருக்கிறது, இல்லை, வலையை இழு, காற்று திரும்புகிறது, எல்லாவற்றுக்கும் கை உண்டு. அவர் அதை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பேச்சு, ஊர் வம்பு எல்லாம் பேசுகிற மாதிரி மனைவியோடு சேர்ந்து வளர்த்திருந்தார். ஊரில் ஒவ்வொருவருக்கும் கையால் ஒரு பெயர் வேறு வைத்திருந்தார். அவருடைய அம்மா என்றால் மூக்குத்தியைத் தொடுவது. தங்கை என்றால் உதட்டைப் பிதுக்குவது. அந்தப் பெண் யாரையாவது குறிப்பிட வேண்டுமென்றால் கணவர் வைத்த பெயர்தான். பார்த்து அசந்துபோனேன். ஆனால் அன்றைக்கு அது எனக்கு ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

தாலி கட்டி முடிந்ததும் மாலை மாற்றிக்கொண்டிருந்தார்கள். மணமக்களை நடுவில் வைத்து எடுத்துக்கொண்டிருந்தேன். காமிராக் கண்ணில் பார்த்தால் ஓரத்தில், பந்தல் காலை ஒட்டி நின்றுகொண்டு இந்த அண்ணன் எதிர்ப்பக்கத்தில் யாருக்கோ கையை ஆட்டிக்கொண்டிருக்கிறார். எனக்கு எரிச்சல். நல்ல காட்சியைக் கெடுக்கிறாரே, எடிட்டிங்கில் இந்த ஓரத்தை எப்படியாவது மறைத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். சும்மா சொல்லவில்லை, நினைத்தபடியே செய்தேன்.

அந்தக் காலத்து எடிட்டிங் எப்படி என்று இப்போதுள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஒரு டெக்கில் படம் ஓடும், இன்னொரு டெக்கில் பதிவாகும். எடுத்த டேப்பிலிருந்து நல்ல காட்சிகளை மட்டும் பொறுக்கி வேறொரு டேப்பில் ஏற்றுவேன். அது முதல் காப்பி. அதை எடுத்துக்கொண்டு மெட்ராஸுக்குப் போவேன். அங்கே ஒரு ஸ்டுடியோவில் பெயர் போட்டு, ரோஜாப்பூ விரிய வைத்து, மணமக்களைச் சுற்றி இதய வடிவில் கத்தரித்துக் கொடுப்பார்கள். அது இரண்டாவது. பாட்டுச் சேர்க்க மறுபடியும் என் கடையில் ஒரு முறை ஏற்றுவேன், மூன்றாவது. அதிலிருந்து இரண்டு வீட்டாருக்கும் கொடுப்பது நான்காவது. தோசை மாவைப் பாத்திரம் மாற்றி மாற்றி ஊற்றினால் ஒவ்வொரு பாத்திரத்திலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் அல்லவா, படமும் அப்படித்தான். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் நிறம் வழியும், முகத்தின் விளிம்பு கலங்கும். போதாக்குறைக்கு நான் இரண்டு டெக்கையும் ஏரியல் ஒயரால் இணைத்திருந்தேன். படத்துக்கும் சத்தத்துக்கும் தனித்தனி ஒயர் போட்டால் இன்னும் தெளிவாக இருக்கும் என்று டெக்கோடு வந்த புத்தகத்திலேயே இருந்ததாம். நான் அந்தப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. இதய வடிவம் நன்றாக வந்ததா, பாட்டுப் பொருந்துகிறதா, எனக்கு அது போதும். பார்த்தவர்களும் ஆகா ஓகோ என்றுதான் சொன்னார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இதுவரை யாரிடமும் அதிகம் சொன்னதில்லை. கேஸட் கொடுத்தபிறகு, எடுத்த டேப்பை வைத்திருக்க மாட்டேன். லேபிளைக் கிழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்கு அதையே போடுவேன். சில சமயம், கடையில் புது டேப் தீர்ந்துபோயிருந்தால், அப்படிப்பட்ட ஒன்றைத் துடைத்துப் புது உறையில் போட்டுப் புதியது என்று விற்றும் இருக்கிறேன். மேலே வேறு எதையாவது பதிந்தால் பழையது தானாக அழிந்துவிடப் போகிறது, யாருக்குத் தெரியப் போகிறது என்று ஒரு நினைப்பு.

அந்தக் குப்பத்துக் கல்யாணக் கேஸட்டைப் பங்குனியில் தருவதாகச் சொல்லி வைகாசியில்தான் கொடுத்தேன். மாப்பிள்ளை வீடு ஆரம்பாக்கம் பக்கம். கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் சொன்னார்கள், சித்திரையில் பெண்ணின் அண்ணன் மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார் என்று. பத்தே நாளாம். அடடா என்றேன். ரெக்கார்டரைத் தலையில் சுமந்து வந்தவர் ஆயிற்றே என்று மனசு கொஞ்சம் கஷ்டப்பட்டது. அப்புறம் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஐப்பசி மாதம், நல்ல மழை நாள். மணப்பெண்ணாக இருந்தவளும் அவளுடைய அண்ணியும் நனைந்துகொண்டு கடைக்கு வந்தார்கள். அண்ணியின் கையில் நாலு மாதக் குழந்தை, முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்தாள். நான் கொடுத்த கேஸட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்கள்.

“இதக் கொஞ்சம் உங்க டிவியில போட்டுக் காட்டுங்கண்ணா. எங்க வூட்டு டிவி சரியில்ல போல. அண்ணன் கை தெரிய மாட்டேங்குது” என்றாள் தங்கை.

எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கிச் சொன்னாள். அவளுடைய அண்ணன் பிறக்கப்போகும் குழந்தைக்கும் கையால் ஒரு பெயர் யோசித்து வைத்திருந்தாராம். மனைவி எத்தனையோ கேட்டும் சொல்லாமல் வேடிக்கை காட்டினாராம். கல்யாணத்தன்று, மாலை மாற்றும் நேரத்தில், பந்தலின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பெயரைச் சொல்லியிருக்கிறார். அவள் பார்ப்பதற்குள் தாம்பாளத்தோடு யாரோ குறுக்கே போய்விட்டார்கள். பின்னால் விடாமல் கேட்டதற்கு, அதுதான் வீடியோக்காரர் பிடித்துவிட்டாரே, கேஸட் வரட்டும், நீயே பார்த்துத் தெரிந்துகொள் என்று சிரித்தாராம். கேஸட் வருவதற்குள் அவர் போய்விட்டார். அவர் போனபிறகு, ஆனியில் குழந்தை பிறந்தது. துக்கம், பிரசவம் எல்லாம் முடிந்து புரட்டாசியில்தான் அண்ணியை ஆரம்பாக்கத்துக்கு அழைத்துப்போய்க் கேஸட்டைக் காட்டியிருக்கிறாள்.

“கொழந்தைக்கு எங்க நைனா ஒரு பேரு வச்சிட்டாரு. நாங்கள்லாம் அதச் சொல்லிக் கூப்புடறோம். அண்ணிக்கு அது இன்னா தெரியும்? அவங்க கூப்புட ஒண்ணும் இல்லண்ணா. வேற பேரு வச்சிக்கச் சொன்னா வாணாங்கிறாங்க. அண்ணன் சொல்லிட்டுப் போயிருக்குது, அத்த பார்த்துட்டுதான் கூப்புடுவேன்னு நிக்கிறாங்க.”

கேஸட்டைப் போட்டேன். நாதஸ்வரம் போய் என் பாட்டு வந்தது. இதய வடிவத்துக்குள் மணமக்கள். அண்ணன் நின்ற பக்கம் பாதி அந்த இதயத்துக்கு வெளியே கருப்பாகப் போயிருந்தது. மிச்சப் பாதியில் முகம் இருந்த இடத்தில் ஒரு பழுப்பு, சட்டை இருந்த இடத்தில் ஒரு வெள்ளை. நெஞ்சுக்கு நேரே ஏதோ மங்கலாக அசைந்தது. அதுதான் கை. விரல் என்று ஒன்றுகூடத் தெரியவில்லை.

அந்தப் பெண் குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு டிவி அருகே போனாள். முந்தானை நுனியால் கண்ணாடியின் அந்த இடத்தை மட்டும் துடைத்தாள். தூசு என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. துடைத்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்து, இன்னொரு முறை என்று விரலைக் காட்டினாள். மறுபடியும் போட்டேன். மறுபடியும் துடைத்தாள். மூன்றாவது முறை அவள் துடைக்கவில்லை. குழந்தையை வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டாள். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டது அதற்குமுன் இல்லை.

“நீங்க மொதல்ல எடுத்த டேப்புல தெளிவா இருக்குமில்ல?” என்று தங்கை கேட்டாள். இருக்கும். நன்றாகவே இருக்கும். ஆனால் அந்த டேப்?

“அது அழிஞ்சி போச்சிம்மா” என்றேன். பொய் இல்லை என்று அப்போது நானே நம்பினேன். உண்மையில் அதை ஆனி மாதத்தில், புது டேப் தீர்ந்துபோன ஒரு வாரத்தில், பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி காலேஜுக்குப் படிக்க வந்துகொண்டிருந்த ஒரு முஸ்லிம் பையனிடம் புதியது என்று சொல்லி விற்றிருந்தேன். அவனுடைய அக்கா வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து டெக் கொண்டுவந்திருந்தார், டிவியில் போடும் படங்களைப் பிடித்து வைக்க மூன்று மணி நேர டேப் வேண்டுமென்று அக்கா கேட்டிருந்தாளாம். நாலு மாதம் ஆகிவிட்டது. இந்நேரம் அதன்மேல் நாலு சினிமா பதிந்திருப்பார்கள். அதையெல்லாம் எப்படிச் சொல்வது? டேப்பை விற்றுவிட்டேன் என்று சொன்னால், ஏன் விற்றாய் என்று கேட்பார்களே.

தங்கை அதைக் கையால் அண்ணிக்குச் சொன்னாள். அந்தப் பெண் அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ குழந்தையின் காலைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது எனக்குக் கும்பிடு வேறு போட்டுவிட்டுப் போனாள். அவர்கள் போனபின் கடையில் உட்கார முடியவில்லை. அன்று முழுக்க டெக்கில் எதைப் போட்டாலும் அந்த இடத்தைத் துடைக்கிற கைதான் தெரிந்தது.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பழவேற்காடு போனேன். நடந்ததைச் சொல்லிவிடுவது, டேப்பில் ஏதாவது ஒட்டியிருந்தால் கேட்டு வாங்குவது, இல்லாவிட்டால் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவது என்று மனசைத் தயார்படுத்திக்கொண்டுதான் போனேன். பஸ் ஸ்டாண்டில் கேட்டதற்கு அந்தக் காலேஜ் பையன் வீட்டை உடனே காட்டிவிட்டார்கள். அவன் என்னைப் பார்த்ததும் ஒரு மாதிரி சிரித்துவிட்டு, “அக்கா, அந்த டேப்புக் கடைக்காரரு” என்று உள்ளே குரல் கொடுத்தான்.

அக்கா என்னைவிட ஓரிரண்டு வயது மூத்தவராக இருப்பார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்வாசலில் நின்றார். நான் ஒரு பெரிய முன்னுரை தயாரித்து வைத்திருந்தேன். பாதி சொல்வதற்குள் அவர் உள்ளே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போய்விட்டார் என்றே நினைத்தேன். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு துணியில் சுற்றியபடி டேப்பைக் கொண்டுவந்து தம்பி கையில் கொடுத்தார்.

“புது டேப்புன்னுதான் தம்பி வாங்கியாந்தான். போட்டுப் பாத்தா கல்யாணம் ஓடுது. குப்பத்துக் கல்யாணம்னு தெரிஞ்சிது, யாரு இன்னான்னு தெரியல. அதும் மேல சினிமா புடிக்க மனசு வரலண்ணே” என்றார்.

டேப்பைத் திருப்பிப் பார்த்தேன். முதுகுப் பக்கம் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல் இருக்கும். அதை உடைத்துவிட்டால் அந்த டேப்பில் மேற்கொண்டு எதுவும் பதியாது. அது உடைந்திருந்தது. நான் உடைக்கவில்லை. என் வாழ்நாளில் ஒரு டேப்பிலும் நான் அதை உடைத்ததே இல்லை, உடைத்தால் மறுபடி உபயோகிக்க முடியாதே.

“டெக்கோட வந்த புக்குல போட்டிருந்திச்சி. புள்ளைங்க தெரியாம அமுக்கிடப்போவுதுன்னு ஒடச்சி வச்சேன்” என்றார்.

கேட்டே விட்டேன். பழைய டேப்பைக் கொடுத்து ஏமாற்றியிருக்கிறேன், உடனே கடைக்கு வந்து என் சட்டையைப் பிடித்திருக்கலாமே என்று.

அவர் யோசிக்கவே இல்லை. “சண்டைக்கி வந்திருந்தா நீங்க இத்த வாங்கிக்கினு வேற ஒண்ணு குடுத்திருப்பீங்க. இத்த யாருக்காவது புதுசுன்னு வித்திருப்பீங்க. அவங்க அழிச்சிருப்பாங்க. கல்யாணத்துக்காரங்க என்னிக்கினா தேடி வருவாங்கன்னுதான் வச்சிருந்தேன். நீங்கதான் வந்திருக்கீங்க” என்றார். கடைசி வரியைச் சொல்லும்போது லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பதில் அவர் நாலு அறை விட்டிருக்கலாம்.

எதற்காக டேப் தேவைப்படுகிறது என்று சொன்னேன். குழந்தையின் பெயர் என்றதும் அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது. “இத்தத் தூக்கினு பொன்னேரி போவாதீங்க. அவங்க எத்தினி தடவ அலைவாங்க? இங்கியே வரச்சொல்லுங்க. ஏரியத் தாண்டினா எங்க வூடுதான?” என்றார். நியாயம்தான். அன்றே தம்பியைப் படகில் அனுப்பிச் சொல்லச் சொன்னார்.

மறுநாள் என் டெக் ஒன்றையும், ஒரு புது டேப்பையும், படத்துக்கும் சத்தத்துக்குமான தனித்தனி ஒயர்களையும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த ஒயருக்காக முந்தின நாள் சாயந்திரம் மெட்ராஸ் போய்த் திரும்பியிருந்தேன். டேப்பை உடனே போட்டுவிடவில்லை. டெக்கின் உள்ளே அழுக்கு இருந்தால் படம் கெடும், சில சமயம் டேப்பையே கடித்துத் துப்பிவிடும். இரண்டு டெக்கையும் திறந்து, மெல்லிய துணியில் ஸ்பிரிட் நனைத்து, டேப்பைப் படிக்கும் இடத்தை நிதானமாகத் துடைத்தேன். ஒரு பழைய சினிமா கேஸட்டைப் போட்டுப் பத்து நிமிஷம் ஓட விட்டேன். கடிக்கவில்லை. அதற்குமேல்தான் இந்த டேப்பை உள்ளே தள்ளினேன். எத்தனையோ கல்யாணம் எடுத்தவன், ஒரு பட்டனை அமுக்கப் பயந்தது அன்றைக்குத்தான்.

கூடத்தில் கோரைப்பாயில் அந்தப் பெண் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நாத்தனார், அவளும் அப்போது அம்மா வீட்டில்தான் தங்கியிருந்தாளாம். அந்த வீட்டம்மாவும் முக்காட்டோடு அவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார்.

முதலில் நாதஸ்வரம். என் பாட்டு இல்லை, இதயம் இல்லை, ரோஜா இல்லை. நான் எடுத்த படம்தானா இது என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. பந்தலில் கட்டிய தென்னங்குருத்து ஒவ்வொரு கீற்றாகத் தெரிந்தது. மணப்பெண்ணின் நெற்றி வியர்வை தெரிந்தது. இவ்வளவையும் கையில் வைத்துக்கொண்டுதான் அந்தக் கலங்கலை ஊருக்குக் கொடுத்திருக்கிறேன்.

மாலை மாற்றும் இடம் வந்தது. பந்தல் காலை ஒட்டி அவர் நின்றார். முழு ஆளும் தெரிந்தார். எதிர்ப்பக்கம் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், வாய்க்குள் சிரிப்பு. இடது முழங்கையை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் படுக்க வைத்தார். வலது கை விரல்களை ஒன்றாகக் குவித்து அந்தக் கைக்குக் கீழிருந்து மேலே எழுப்பித் தாண்ட வைத்தார். தாண்டும்போது கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்து இரண்டு தடவை துடித்தன. அவ்வளவுதான். நாலு விநாடிகூட இருக்காது. அடுத்த கணம் தாம்பாளத்தோடு ஒரு அம்மாள் குறுக்கே வந்து மறைத்துவிட்டார்.

“மடவ” என்று மூச்சே இல்லாமல் சொன்னாள் தங்கை. “வலையத் தாண்டிக் குதிக்கிற மடவ மீனு. வயித்துல ஒதச்சிக்கினே இருக்குதுன்னு அண்ணன் அப்பவே சொல்லிக்கினு இருக்கும்.”

அந்தப் பெண்ணுக்கு யாரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் திரையைப் பார்க்கவே இல்லை இப்போது. குழந்தையைத் தூக்கித் தன் முழங்கால்மேல் உட்கார வைத்தாள். இடது கையை மடக்கினாள். வலது கையை அதன்மேல் தாண்ட வைத்து, அந்த இரண்டு விரலையும் துடிக்க விட்டாள். குழந்தை விரல்களையே பார்த்தது. மறுபடியும் செய்தாள். மறுபடியும். ஒவ்வொரு தடவை செய்யும்போதும் அவள் தொண்டையிலிருந்து ஒரு சின்னச் சத்தம் வந்தது. அது சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. வீட்டம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டார். நாலரை மாதமாக அந்தக் குழந்தையைக் கூப்பிடாமல் இருந்தவள் அன்று சாயந்திரம் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

அதற்குப்பிறகு அந்த டேப்பிலிருந்து நேராக ஒரே ஒரு காப்பி எடுத்தேன், புது ஒயரில், முழுதாக. எதையும் வெட்டவில்லை. பொன்னேரிக்கு வந்து அந்தக் கல்யாணத்தை மறுபடியும் எடிட் செய்தேன். இம்முறை எந்தக் காட்சி எங்கே வருகிறது என்று டெக்கில் ஓடும் எண்களை ஒரு நோட்டில் முழுக்க எழுதிக்கொண்டேன். எது முதலில், எது பின்னால், பாட்டு எங்கே என்று காகிதத்திலேயே எல்லாவற்றையும் தீர்மானித்தேன். மூலத்திலிருந்து ஒரே தடவையில் ஏற்றி முடித்தேன். இரண்டு வீட்டாருக்கும் தனித்தனியாக அதே வேலையை மூலத்திலிருந்தே செய்தேன். அதற்கு நாலு நாள் பிடித்தது. ஆனால் படத்தில் எல்லாருடைய விரலும் தெரிந்தது.

வேலை முடிந்ததும் மறுபடியும் பழவேற்காட்டு அக்கா வீட்டுக்குப் போய், எல்லாரும் இருக்கும்போது மூல டேப்பை அந்தப் பெண்ணிடமே கொடுத்தேன். குப்பத்து உப்புக்காற்றில் டேப் பூசணம் பிடித்துவிடும், நான் கடையில் பத்திரமாக வைத்திருக்கட்டுமா என்று கேட்டேன். நாத்தனார் அதைக் கையால் சொன்னாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள், பிறகு எழுந்துபோய் அதைப் பழவேற்காட்டு அக்கா கையில் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றிருந்தது, ஆனால் அது நியாயம்தான்.

அன்றையிலிருந்து எடுத்த டேப் எதையும் நான் அழித்ததில்லை. எடுத்து முடித்ததும் முதல் வேலையாக அந்தப் பல்லை உடைத்துவிடுவேன். கடை இடம் போதாமல் வீட்டில் ஒரு அறை முழுக்க டேப்புகள் சேர்ந்துவிட்டன, மனைவியிடம் அதற்காக வாங்காத பேச்சில்லை. இப்போது என் மகன் கம்ப்யூட்டரில் எடிட்டிங் செய்கிறான். ஃபைலைச் சின்னதாக்கி வேலை செய்தால் சீக்கிரம் முடியும் என்பான். சின்னதாக்கிக்கொள், ஆனால் மூலத்தைத் தொடாதே, கடைசியில் மூலத்திலிருந்துதான் படம் வர வேண்டும் என்பேன். சில பேர் படத்தின் ஓரத்தைக் கத்தரிக்கச் சொல்லும்போது மட்டும் இன்றைக்கும் எனக்குக் கை ஓடுவதில்லை.

அந்தக் கல்யாணத்தில் நான் மூன்று மணி நேரம் படம் பிடித்தேன், அதில் அவளுக்கு வேண்டியிருந்தது நாலு விநாடி. அதை எடுத்தது நான்தான், காப்பாற்றியது நான் இல்லை என்பதை, என் வேலையை யாராவது புகழும் ஒவ்வொரு முறையும் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.